பழைய செவ்ரலே வாங்கி ரோட்டுக்குக் கொண்டுவருவது எப்படி?

1950களின் அமெரிக்கக் கார் ஒன்று சொந்தமாக வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால் லேசில் போகாது. டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்த நம்மவர்கள் பலருக்கும் அந்த ஆசை உண்டு. ஆகஸ்ட் மாதம் பழைய கார்கள் அணிவகுக்கும் உட்வர்ட் அவென்யூ ஓரமாக ஒரு மணி நேரம் நின்றால் போதும், யாருக்கும் வந்துவிடும். சிரமம் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. எந்த வண்டியைத் தேடுவது, என்னென்ன காகிதம் கேட்டு வாங்குவது, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கோர்வையாகச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. நான் ஒரு 1957 செவ்ரலே செடான் வாங்கி, பேப்பர் சரிசெய்து, பிரேக் பிடிக்கவைத்து, நம்பர் பிளேட் மாட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அடுத்து வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேப்பரும் பாடித் தகடும் சரியாக இருக்கிற வண்டியை வாங்குங்கள். இன்ஜின் ஓடவில்லையா, பரவாயில்லை. சீட் கிழிந்திருக்கிறதா, பரவாயில்லை. பெயின்ட் மங்கியிருந்தால் இன்னும் நல்லது, அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும். ஆனால் டைட்டில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) சிக்கலும் துருப்பிடித்த பாடியும் உள்ள வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

நான் இருப்பது மிச்சிகனில். அரசு நடைமுறைகளை மிச்சிகன் கணக்கில்தான் சொல்கிறேன். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் அந்தப் பகுதிகளை மட்டும் உங்கள் ஊர் விதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

1. எந்த வண்டி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

முதல் வண்டி என்றால் 1955, 1956, 1957 செவ்ரலேக்களில் ஒன்றை எடுங்கள் என்பேன். இந்த மூன்று வருட வண்டிகளையும் சேர்த்து இங்கே ‘ட்ரை-ஃபைவ்’ என்பார்கள். காடிலாக், பேக்கார்டு, ஸ்டூட்பேக்கர் எல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஸ்டூட்பேக்கரின் கதவுக் கைப்பிடிக்கு நீங்கள் நாடெங்கும் தேட வேண்டியிருக்கும். ட்ரை-ஃபைவுக்கு அநேகமாக எல்லாப் பாகமும் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஃப்ளோர் தகடு, மட்கார்டு, வயரிங், சீட் துணி, கண்ணாடி ஓரத்து ரப்பர் என்று எதை வேண்டுமானாலும் வீட்டுக்கே வரவழைக்கலாம். இன்னொரு வசதி, 1955 மாடலிலிருந்து செவ்ரலே 12 வோல்ட்டுக்கு மாறிவிட்டது. அதற்கு முந்தைய 6 வோல்ட் வண்டிகளில் ஸ்டார்ட்டிங்கும் ஹெட்லைட்டும் புதிதாக வருகிறவரைச் சோதிக்கும்.

அடுத்து எத்தனை கதவு என்று பாருங்கள். விலையை நிர்ணயிப்பது இதுதான். கூரையை மடக்கித் திறக்கும் கன்வர்ட்டிபிள்தான் உச்சம். அதற்கு அடுத்தது நடுத்தூண் இல்லாத இரண்டு கதவு ஹார்ட்டாப். நான்கு கதவு செடான் இவற்றில் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும். நான் தேடிய காலத்தில் பார்த்த விலைகளைத் தோராயமாகச் சொல்கிறேன். வேலை பாக்கியுள்ள நான்கு கதவு செடான் 8,000 முதல் 15,000 டாலர். ஓட்டும் நிலையில் இருப்பது 18,000 முதல் 28,000. நல்ல இரண்டு கதவு ஹார்ட்டாப் 35,000க்கு மேல். கன்வர்ட்டிபிள் 60,000இல் தொடங்கி எங்கெங்கோ போகும். குடும்பத்தோடு போக நினைப்பவருக்கு நான்கு கதவுதான் வசதியும்கூட.

வாங்கும் முன் கராஜை அளந்து பாருங்கள். 57 செவ்ரலே 200 அங்குல நீளம், கிட்டத்தட்ட 74 அங்குல அகலம். கதவைத் திறந்து இறங்கவும், சுற்றி நின்று வேலை பார்க்கவும் இடம் வேண்டும். வீட்டுமனைச் சங்கம் உள்ள குடியிருப்பு என்றால் அதன் விதிகளையும் படித்துவிடுங்கள். நம்பர் பிளேட் இல்லாத வண்டியை வாசலில் நிறுத்தக்கூடாது, டிரைவ்வேயில் வண்டி வேலை செய்யக்கூடாது என்று பல இடங்களில் போட்டிருக்கிறார்கள். வண்டி வந்திறங்கிய பிறகு நோட்டீஸ் வந்தால் தலைவலி.

ஹெச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சொந்த ஆசைக்கு ஒரு வண்டி வாங்கி, வைத்திருந்து, பின்னால் விற்பது வேறு. வாங்கிச் சரிசெய்து லாபத்துக்கு விற்பதையே வாடிக்கையாக்குவது வேறு. இரண்டாவது அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படலாம். அந்த எண்ணம் இருந்தால் முதலில் விசா வக்கீலைக் கேளுங்கள்.

2. பட்ஜெட்டை இரண்டாகப் பிரியுங்கள்

கையில் 25,000 டாலர் இருக்கிறது என்று 25,000க்கு வண்டி வாங்காதீர்கள். ‘ஓடுகிறது’ என்று விற்கப்படும் வண்டியிலும் பிரேக், டயர், பெட்ரோல் லைன், கூலிங் என்று உடனே 3,000, 4,000 டாலர் இறங்கும். மூன்றில் ஒரு பங்கையாவது தனியே எடுத்து வையுங்கள்.

பெரிய வேலைகளுக்கு நான் விசாரித்தவரை வந்த மதிப்பீடுகள் இவை. இன்ஜின் முழுதாகப் பிரித்து மறுபடி கட்ட 4,000 முதல் 7,000. வயரிங் செட் மட்டும் 500 முதல் 800, மாட்டும் கூலி தனி. உள்ளே சீட், கதவு அட்டை, கார்ப்பெட் செட் எல்லாம் சேர்த்து 2,500க்கு மேல். டிங்கரிங்கும் பெயின்டும்தான் பெரிய செலவு. நல்ல கடையில் 15,000க்குக் கீழே யாரும் பேச்சையே எடுப்பதில்லை, 30,000 சாதாரணம். க்ரோம் பூச்சு பலரும் கணக்கில் சேர்க்காத ஒன்று. பழைய பம்பரைச் சீராக்கி மறுபடி க்ரோம் போடும் விலைக்குப் பல சமயம் புதிய பம்பரே வந்துவிடும். பட்டறைக் கூலி எங்கள் பக்கம் மணிக்கு 90 முதல் 150 டாலர்.

கூட்டிப் பார்த்தால் புரியும். மோசமான வண்டியை மலிவாக வாங்கி முழுதும் புதுப்பிப்பதைவிட, ஏற்கெனவே ஒருவர் நன்றாகச் செய்து வைத்த வண்டியை வாங்குவதுதான் மலிவு. கையால் வேலை செய்வதில் உங்களுக்குச் சந்தோஷம் என்றால் மட்டும் முதல் வழி. அந்தச் சந்தோஷம் பெரியது, அதற்காகச் செலவழிப்பதில் தப்பே இல்லை. ஆனால் போட்ட பணம் விற்கும்போது திரும்ப வரும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

3. வண்டியின் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பதினேழு இலக்க வின் எண் (ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அடையாள எண்) 1981 மாடலில்தான் வந்தது. அதற்கு முந்தைய வண்டிகளுக்கு, வின் எண்ணைக் கொடுத்தால் வரலாறு சொல்லும் இணையச் சேவைகள் உதவாது. அதற்குப் பணம் கட்டாதீர்கள். நீங்களே படித்துவிடலாம்.

ட்ரை-ஃபைவில் எண் பொறித்த தகடு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் கீல் இருக்கும் தூணில் இருக்கும். உதாரணமாக ‘வி சி 57 எஃப்’ என்று தொடங்கி ஆறு இலக்கம். முதலில் ‘வி’ இருந்தால் கம்பெனியிலிருந்து எட்டு சிலிண்டர் வி-8 இன்ஜினோடு வந்த வண்டி. அந்த ‘வி’ இல்லாவிட்டால் ஆறு சிலிண்டரோடு வந்தது. அடுத்த எழுத்து வண்டியின் தரத்தைச் சொல்லும். ‘சி’ என்றால் உயர்ந்த ரகமான பெல் ஏர், ‘பி’ என்றால் நடு ரகமான டூ-டென், ‘ஏ’ என்றால் எளிய ரகமான ஒன்-ஃபிஃப்டி. பிறகு வருடம். அதற்கடுத்த எழுத்து எந்தத் தொழிற்சாலை என்பதைச் சொல்லும். எஃப் என்றால் ஃப்ளின்ட், டி என்றால் டாரிடவுன், எல் என்றால் லாஸ் ஏஞ்சலஸ், ஓ என்றால் ஓக்லண்ட்.

இது எதற்கு என்றால், டூ-டென் வண்டியில் பெல் ஏரின் பளபள பட்டைகளை மாட்டி பெல் ஏர் விலைக்கு விற்பவர்கள் உண்டு. பட்டைகள் எல்லாம் கடையில் கிடைக்கின்றன, மாட்டினால் வித்தியாசம் தெரியாது. அந்த ஒரு எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். வண்டியாகப் பார்த்தால் டூ-டென்னில் ஒரு குறையும் இல்லை. டூ-டென் விலைக்கு வாங்குங்கள், அவ்வளவுதான்.

பானெட்டைத் திறந்தால் இன்ஜினுக்குப் பின்னாலுள்ள தகட்டுச் சுவரில் இன்னொரு சின்னத் தகடு இருக்கும். பாடி வகை, உள் அலங்காரம், பெயின்ட் எண்கள் அதில் இருக்கும். 1019 என்றால் நான்கு கதவு செடான், 1037 இரண்டு கதவு ஹார்ட்டாப், 1067 கன்வர்ட்டிபிள். கன்வர்ட்டிபிளுக்குப் பணம் கொடுக்கும் முன் இந்த எண்ணைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

இன்ஜின் எண்ணும் பாடி எண்ணும் பொருந்துகிறது, அதனால் விலை கூடுதல் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். இந்த வருடங்களின் செவ்ரலே கார்களில் வின் எண்ணை இன்ஜினில் பொறிக்கும் வழக்கம் கிடையாது. இன்ஜினில் உள்ள குறியீடு அது எந்தக் காலத்தது, எந்த வகை என்று சொல்லும். இந்த வண்டிக்கே பிறந்தது என்று நிரூபிக்காது.

4. டைட்டிலைப் பார்க்காமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்

நான் அதிகம் அலைந்தது இதற்காகத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விற்பவர் கையில் டைட்டில் இருக்க வேண்டும், அதில் அவர் பெயர் இருக்க வேண்டும், அவருடைய அடையாள அட்டையோடு பெயர் ஒத்துப்போக வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் நில்லுங்கள். ‘போன ஓனர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், நான் என் பெயருக்கு மாற்றவில்லை, நீங்கள் நேரடியாக உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்’ என்பார்கள். இது சட்டப்படி செல்லாத குறுக்குவழி. போன ஓனரின் கையெழுத்தில் ஏதாவது குறை என்றால் அவரைத் தேடி ஓட வேண்டியது நீங்கள். விற்பவர் முதலில் தன் பெயருக்கு மாற்றட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.

‘அப்பாவின் வண்டி, அவர் இறந்துவிட்டார்’ என்பதும் அடிக்கடி கேட்கும் வார்த்தை. பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனாலும் வாரிசு என்பதற்கான காகிதமும் இறப்புச் சான்றிதழும் இல்லாமல் அவரால் விற்க முடியாது. இரண்டு பிள்ளைகள் இருந்து ஒருவர் மட்டும் விற்கிறார் என்றால் இன்னும் கவனம்.

டைட்டிலில் லீன் (வண்டியின் மேல் உள்ள கடன்) என்ற இடத்தில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் அடைத்த கடிதம் கேளுங்கள். முப்பது வருடத்துக்கு முன் மூடிப்போன வங்கியின் பெயர் இருந்தால்கூட அதை நீக்கித்தான் ஆக வேண்டும். அந்த வேலை விற்பவருடையது.

சில மாநிலங்களில் பழைய வண்டிக்கு டைட்டிலே இருக்காது, அதற்காகப் பயப்பட வேண்டாம். நியூயார்க்கில் 1972 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களுக்குப் பதிவுக் காகிதம்தான் உரிமைச் சான்று. அது அசலாக இருக்கிறதா, விற்பவர் கையெழுத்திட்டிருக்கிறாரா என்று பாருங்கள். கூடவே விற்பனைச் சீட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, விலை, வின் எண், இருவர் பெயர், முகவரி, கையெழுத்து எல்லாம் அதில் இருக்கட்டும்.

இனி முக்கியமானது. டைட்டிலில் உள்ள எண்ணையும் வண்டித் தகட்டில் உள்ள எண்ணையும் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து ஒப்பிடுங்கள். என் வண்டி ஓக்லண்டில் செய்யப்பட்டது. எண்ணின் நடுவே ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்து இருக்கிறது. வேறொரு மாநிலத்தில் எந்தக் காலத்திலோ யாரோ அதைச் சுழியம் என்று தட்டச்சு செய்துவிட்டார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. இதைச் சரிசெய்வதற்குள் ஒரு குளிர்காலமே போய்விட்டது. மிச்சிகனில் இப்படிப்பட்ட சமயத்தில் டி.ஆர்-54 என்ற படிவத்தோடு போலீஸ் அதிகாரி ஒருவர் வண்டியை நேரில் பார்த்து எண்ணை உறுதிசெய்ய வேண்டும். எல்லா ஸ்டேஷனிலும் இதைச் செய்வதில்லை, முன்கூட்டியே போன் செய்து நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். தகட்டின் மேல் இருக்கும் அழுக்கை மெல்லத் துணியால் துடைத்து வையுங்கள். சுரண்டவோ, பெயின்ட் எடுக்கும் திரவம் ஊற்றவோ கூடாது. வின் தகட்டைக் கழற்றுவதும் மாற்றுவதும் குற்றம். கழற்றி மறுபடி பொருத்திய அடையாளம் தெரிந்தால் அந்த வண்டியே வேண்டாம்.

1950களின் முற்பகுதி வண்டிகளில் இன்னொரு பொறி இருக்கிறது. சில மாநிலங்கள் அன்று இன்ஜின் எண்ணையே டைட்டிலில் எழுதினார்கள். பின்னால் யாராவது இன்ஜினை மாற்றியிருந்தால் டைட்டிலில் உள்ள எண் வண்டியில் எங்குமே இருக்காது. ட்ரை-ஃபைவிலிருந்து ஆரம்பியுங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

5. துருவைத் தேடுங்கள், பளபளப்பைப் பார்க்காதீர்கள்

பகலில் போங்கள், மழை இல்லாத நாளில். ஒரு சின்னக் காந்தம், டார்ச், பழைய ஸ்க்ரூ டிரைவர், தரையில் விரிக்க ஒரு அட்டை இவற்றைக் கொண்டுபோங்கள். வண்டி குளிர்ந்த நிலையில் இருக்கட்டும் என்று முன்பே சொல்லிவையுங்கள். நீங்கள் போகும்போதே இன்ஜின் சூடாக இருந்தால் ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, ஹெட்லைட்டுக்கு மேலே, முன் மட்கார்டின் கீழ்ப்பகுதியில், கதவுகளின் அடியில், பின் சக்கர வளைவில் வைத்துப் பாருங்கள். ஒட்ட வேண்டிய இடத்தில் வழுக்கினால் அங்கே தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. கொஞ்சம் பட்டி எல்லாப் பழைய வண்டியிலும் இருக்கும். கையகலத்துக்கு மேல் போனால் யோசியுங்கள்.

அடுத்து அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுங்கள். உடை அழுக்காகாமல் இதைப் பார்க்க முடியாது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ராக்கர் தகடு, பாடி சேஸியில் உட்காரும் இடங்கள், ஃப்ளோரின் அடியில் குறுக்கே போகும் தாங்கிகள், டிக்கியின் தரை, இவைதான் ட்ரை-ஃபைவ் அழுகும் இடங்கள். விற்பவரிடம் கேட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு ‘டங்’கென்று சொல்லும். அழுகிய தகடு மந்தமாக ஒலித்து, செதிள் செதிளாக முகத்தில் உதிரும். கறுப்பாகப் புதிதாக அடித்த அடிப்பூச்சைக் கண்டால் மகிழ வேண்டாம். விற்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அடித்த பூச்சு பெரும்பாலும் எதையோ மூடுவதற்குத்தான்.

உள்ளே வந்து கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். ஃப்ளோரில் ஓட்டை இருந்தால் அதற்கு மருந்து உண்டு, தகடு கடையில் கிடைக்கிறது, வெல்டிங் தெரிந்தவர் போட்டுவிடுவார். ஆனால் கதவுகள் சரியாக மூடாமல், இடைவெளி மேலே குறுகிக் கீழே விரிந்து இருந்தால் பாடியே தொய்ந்திருக்கலாம். கதவைப் பாதி திறந்து மேலே தூக்கிப் பாருங்கள். கதவு மட்டும் ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது, சின்ன வேலை. தூணும் சேர்ந்து அசைந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

மிச்சிகன், ஒஹாயோ மாதிரி சாலையில் உப்புப் போடும் மாநிலங்களில் பிறந்து வளர்ந்த வண்டியைவிட அரிசோனா, கலிஃபோர்னியா பக்கத்து வண்டிக்கு 2,000 டாலர் அதிகம் கொடுத்து, கொண்டுவரும் செலவையும் சேர்த்தாலும் லாபம்தான். அங்கே வெயிலில் சீட்டும் ரப்பரும் போயிருக்கும், தகடு இருக்கும்.

தூரத்து வண்டி என்றால் அந்த ஊரிலேயே பழைய கார் பார்க்கத் தெரிந்த ஒருவரை வைத்துப் பரிசோதியுங்கள். 300 முதல் 600 டாலர் ஆகும். அடியிலிருந்து எடுத்த படங்கள் வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள்.

6. பணம் கொடுப்பதும் வண்டியைக் கொண்டுவருவதும்

கேஷியர் செக் (வங்கியே எழுதித் தரும் செக்) தருவதானால் விற்பவரோடு உங்கள் வங்கிக்கே போய்க் கொடுங்கள், டைட்டிலில் கையெழுத்தும் அங்கேயே வாங்குங்கள். பார்க்காத வண்டிக்கு முன்பணம் அனுப்பச் சொன்னாலோ, அவர்களே ஒரு ‘பாதுகாப்புக் கணக்கு’ இணையதளத்தைக் காட்டினாலோ விலகிவிடுங்கள். சந்தை விலையில் பாதிக்கு வரும் அழகான வண்டிகளில் பல, வேறு யாருடைய படத்தையோ வைத்துப் போட்ட விளம்பரங்கள்.

லாரியில் ஏற்றிவர, நெடுந்தூரம் என்றால் மைலுக்கு ஒரு டாலர் சுமார், மூடிய லாரி என்றால் கூடுதல். விலை சொல்பவர் பெரும்பாலும் இடைத்தரகர், லாரிக்காரர் வேறு. லாரிக்காரரின் இன்சூரன்ஸ் சான்றிதழைக் கேளுங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் நாலா பக்கமும் படம் எடுத்து, கீறல் எதுவும் இருந்தால் சரக்குச் சீட்டில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். தேதியை நம்பி லீவு போடாதீர்கள், ஒரு வாரம் முன்பின் ஆகும்.

7. இன்சூரன்ஸ்: ஒப்புக்கொண்ட மதிப்பு

சாதாரண பாலிசியில் பழைய காரைச் சேர்த்தால், விபத்து நடந்த அன்று வயதைக் கழித்து ஒரு தொகையைக் கையில் கொடுப்பார்கள். சேகரிப்புக் கார்களுக்கான தனி பாலிசி எடுங்கள். மிச்சிகனின் ட்ராவர்ஸ் சிட்டியிலேயே இருக்கும் ஹேகர்ட்டி உட்பட சில நிறுவனங்கள் இதைத் தருகின்றன. பாலிசியில் ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’, அதாவது நீங்களும் அவர்களும் முன்பே ஒத்துக்கொண்ட தொகை, என்று இருக்கிறதா என்று பாருங்கள். ‘சொல்லப்பட்ட மதிப்பு’ என்று இருந்தால் அது வேறு, அதற்குக் குறைவாகவும் கொடுக்கலாம்.

அவர்கள் பொதுவாகக் கேட்பது: தினசரி ஓட்ட வேறு வண்டி, பூட்டிய கராஜ், சுத்தமான டிரைவிங் ரெக்கார்டு. அமெரிக்க லைசென்ஸ் எடுத்து ஓரிரு வருடமே ஆனவர்களுக்கு மறுக்கவும் செய்வார்கள். அதனால் வண்டி வாங்கும் முன்பே போன் செய்து கேட்டுவிடுங்கள். வேலை செய்யச் செய்ய ரசீதுகளைச் சேர்த்து, வருடத்துக்கு ஒருமுறை மதிப்பை ஏற்றுங்கள்.

8. பெயர் மாற்றமும் நம்பர் பிளேட்டும்

மிச்சிகனில் இது வண்டிப் பதிவையும் லைசென்ஸையும் கவனிக்கும் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலக வேலை. வாங்கி 15 நாளுக்குள் போங்கள், தாண்டினால் தாமதக் கட்டணம். நேரம் முன்பதிவு செய்துகொண்டு, டைட்டில், விற்பனைச் சீட்டு, இன்சூரன்ஸ் சான்று, லைசென்ஸ் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். டைட்டில் கட்டணம் 15 டாலர். பெரிய தொகை வரிதான். 6 சதவீதம், நீங்கள் கொடுத்த விலை அல்லது சந்தை மதிப்பு, எது அதிகமோ அதன்மேல். 15,000 டாலர் வண்டிக்கு 900 டாலர். இதைப் பட்ஜெட்டில் விட்டுவிடுபவர்கள் நிறைய. வரியை மிச்சம் பிடிக்க விலையைக் குறைத்து எழுதலாம் என்று விற்பவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கையெழுத்திடுவது அரசுக் காகிதத்தில். மைல் கணக்கு எழுதும் இடத்தில் இந்த வயது வண்டிக்கு விலக்கு உண்டு.

26 வருடமோ அதற்கு மேலோ ஆன வண்டிக்கு ‘ஹிஸ்டாரிக்’ பிளேட் வாங்கலாம். நான் எழுதும் நேரத்தில் பத்து வருடத்துக்கு 30 டாலர். மலிவு, ஆனால் கட்டுப்பாடு உண்டு. கண்காட்சி, கிளப் நிகழ்ச்சி, ஊர்வலம், வண்டியைச் சோதித்துப் பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். ஆகஸ்ட் மாதம் முழுதும் மட்டும் எதற்கு வேண்டுமானாலும் ஓட்டலாம். வாரக் கடைசியில் கோயிலுக்கும் நண்பர் வீட்டுக்கும் போக ஆசைப்பட்டால் சாதாரண பிளேட்டே எடுத்துவிடுங்கள்.

9. முதல் வேலை நிறுத்துவது, பிறகுதான் ஓட்டுவது

வண்டி வந்ததும் ஒரு சுற்று போய்வர எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். வேண்டாம். இந்த வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், பிரேக் ஆயில் பாதை ஒன்றே ஒன்று. எங்கேயாவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும், மிதி தரையைத் தொடும். எல்லா ரப்பர் குழாயையும் மாற்றுங்கள், இரும்புக் குழாயில் துரு இருந்தால் அதையும். இரண்டு பாதை கொண்ட மாஸ்டர் சிலிண்டர் செட் கிடைக்கிறது, அதைக் கட்டாயம் போடுங்கள். பழமை கெடுகிறது என்று கிளப்பில் யாராவது சொன்னாலும் போடுங்கள். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் செட் 500 முதல் 1,000 டாலர். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

டயர் பளபளவென்று, பூ தேயாமல் இருக்கும். பக்கச் சுவரில் டாட் என்ற குறிக்குப் பின்னால் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 1408 என்றால் 2008ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். பத்து வருடம் தாண்டியதை மாற்றிவிடுங்கள்.

பெட்ரோல் பாதையில் பழைய ரப்பரை இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் கரைத்துவிடும், புதுக் குழாய் போடுங்கள். கூடவே ஒரு தீயணைப்பு உருளையை டிரைவர் சீட் அருகே மாட்டுங்கள். இன்ஜின் ஆயிலில் துத்தநாகச் சேர்மம் அதிகமுள்ள வகையை வாங்குங்கள். பழைய கேம்ஷாஃப்ட்டுக்கு அது தேவை.

குழந்தைகள் இருப்பவர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். இந்த வண்டிகளில் தலைச் சாய்வு இல்லை, மோதினால் மடங்கும் ஸ்டியரிங் தண்டு இல்லை. இடுப்பு பெல்ட்டை நீங்களே மாட்ட வேண்டும், அதுவும் அடியில் தடித்த தகடு வைத்து போல்ட் போட வேண்டும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஹைவேயில் போகாதீர்கள்.

10. பட்டறைக்குக் கொடுப்பதானால்

பாடி வேலையை வெளியே கொடுப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மொத்தப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். வேலை பட்டியல், மணிக்கூலி, பாகம் யார் வாங்குவது, மாதாமாதம் படத்தோடு பில், இத்தனையும் எழுத்தில் இருக்க வேண்டும். ஆறு மாதம் என்று சொன்னால் ஒன்றரை வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரில் அடிக்கடி போய்ப் பாருங்கள். போக முடியாத தூரத்துக் கடை எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும் வேண்டாம். பிரித்த பாகங்களைப் பையில் போட்டு, பெயர் எழுதி, பிரிக்கும் முன் படம் எடுத்துவைப்பது உங்கள் பொறுப்பு. பெட்டிகளில் பிரித்துப் போட்ட வண்டி விற்கும்போது பாதி விலைக்குக்கூடப் போகாது.

எந்தக் கடை நல்லது என்பதை ஓனர்கள்தான் சொல்வார்கள். ஜூன் மாதம் டியர்போர்னில் கிரீன்ஃபீல்டு வில்லேஜில் நடக்கும் மோட்டார் மஸ்டர் என்ற பழைய கார் கண்காட்சிக்குப் போங்கள், ஹிக்கரி கார்னர்ஸில் உள்ள கில்மோர் கார் மியூசியத்துக்குப் போங்கள். உங்களுக்குப் பிடித்த மாடலுக்கு அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் பெயின்ட் யார் செய்தது என்று கேளுங்கள். மணிக்கணக்கில் பேசுவார்கள், பட்டறை பெயரோடு எந்தப் பட்டறைக்குப் போகக்கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

11. ஓட்ட ஆரம்பித்த பிறகு

முதல்முறை பெட்ரோல் பங்கில் திணறாமல் இருக்க: 57இல் மூடி, இடப்பக்கப் பின்சிறகின் நுனியில் உள்ள க்ரோம் பட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். 56இல் இடப்பக்கப் பின்விளக்கையே திறக்க வேண்டும். 55இல் சாதாரணமாகப் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு.

முதல் உப்பு விழுவதற்கு முன் வண்டியை உள்ளே வைத்துவிடுங்கள். டாங்கை நிறைத்து, பெட்ரோல் கெடாமல் இருக்கும் திரவத்தை ஊற்றி, பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆயில் மாற்றி, பேட்டரியைக் கழற்றுங்கள். ரேடியேட்டரில் உறையாத திரவம் எந்தக் குளிர்வரை தாங்கும் என்று சோதியுங்கள், வெறும் தண்ணீர் இருந்தால் பிளாக்கே வெடிக்கும். புகைபோக்கி வாயை இரும்பு வலையால் அடையுங்கள், எலி புகுந்தால் புது சீட்டுக்குள்தான் கூடு கட்டும். ஏப்ரலில் நல்ல மழை ஒன்றிரண்டு பெய்து உப்பெல்லாம் கழுவிப் போன பிறகு வெளியே எடுங்கள். டைட்டில் அசலை வண்டியின் கிளவ் பாக்ஸில் வைக்காமல் வீட்டிலேயே பத்திரப்படுத்துங்கள். வண்டியில் பதிவுக் காகிதமும் இன்சூரன்ஸ் சான்றும் இருந்தால் போதும்.